ஏழாவது கேள்வி

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
உங்கள் நடையின் வேகம் என்ன?

வாசித்துக் காட்டிய யோவேலிடம்
இன்னொரு முறை படியுங்கள் என்றேன்.
பார்வை எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார்கள்,
பிறவியிலா, நடுவிலா என்று.
சாப்பிட்டாங்களா என்று
என் தோளுக்கு மேலே
யாரையோ கேட்டிருக்கிறார்கள்.
வேகத்தை ஒருவரும் கேட்டதில்லை.
பிறர் முழங்கையைப் பிடித்து நடப்பவளின் வேகம்
அந்த முழங்கையினுடையது.

தெரியாது, என்றேன்.
அளந்துவிடலாம், என்றார்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு வாடகை வீடு,
பின்பக்கம் நான்கு கூண்டுகள்,
அவ்வளவுதான் அறக்கட்டளை.
வாரின் பிடியை என்னிடம் கொடுத்து
மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு
முன்னால் நின்றார் யோவேல்.
"இப்ப நான்தான் நாய். கட்டளை குடுங்க மேடம்."
நேரே, என்றேன். இடது, என்றேன்.
ஐம்பது வயது மனிதர் இடதில் திரும்பினார்.
மாவு மில் வாசலில் யாரோ சிரிக்க
"குரைக்கட்டுமா?" என்றார்.
பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பியதும்
மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே எழுதினார்:
வேகமாக நடக்கிறார்.
நானா?

கடுகைச் சித்திரையில் கொடுத்தார்கள்.
பெயர்தான் கடுகு. எடை இருபத்தெட்டு கிலோ.
குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் வீட்டில்
ஒரு வருடம் வளர்ந்தது;
இன்றும் யாராவது குச்சி உரசினால் தும்மும்.
வேலூர் வெயிலில்
புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து எண்ண வேண்டும்.
கை தாங்கினால்தான் பாதம் தாங்கும்.
விடியுமுன்னே கிளம்பினோம்.

முதல் வாரம் அழுதேன்.
கோல் எல்லாவற்றையும் தட்டிச் சொல்லும்:
இது கம்பம், இது பூக்காரியின் ஸ்டூல்,
இது நேற்றும் இங்கேயே நின்ற ஸ்கூட்டர்.
கடுகு ஒன்றையும் சொல்லாது. விலகிப் போகும்.
இருபது வருடமாக நான் இடித்துத் தெரிந்துகொண்ட ஊர்
ஒரே வாரத்தில் காலியாகிவிட்டது.
லாங் பஜாரில் பிரியாணி அண்டா மட்டும்
அப்படியே இருந்தது; அங்கே
இரண்டு பேருக்குமே நடை தடுமாறும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார்.
"நாய்க்கெல்லாம் டிக்கெட் இல்லம்மா."
யோவேல் தந்த அட்டையை நீட்டினேன்.
அவர் படித்து முடிக்கும்வரை பஸ் நின்றது,
"சீக்கிரம் படிப்பா" என்றது பின்சீட்டுக் குரல்.
கடுகு சீட்டுக்கு அடியில் சுருண்டு
தன் இடத்தை எடுத்துக்கொண்டது.

ஆனியில் பள்ளி திறந்தது.
தோட்டப்பாளையம் தெருவில் ஒரு காலை
நேரே, என்றேன்.
நகரவில்லை.
நேரே, என்றேன், வகுப்பறைக் குரலில்.
என் முழங்கால்களுக்குக் குறுக்கே
உடம்பைப் போட்டு நின்றது.
பூனையா, எலும்பா, வீம்பா?
மணி ஆகிறது. வாரைத் தள்ளினேன்.
அது என்னைத் திருப்பித் தள்ளியது.

"டீச்சர், டீச்சர்! குழி!
ராத்திரிதான் தோண்டிப் போட்டானுங்க.
ஆள் உசரம்!"
டீக்கடையில் பாத்திரம் ஒன்று உருண்டது.
நான் குனிந்து
கடுகின் காதைத் தேடினேன்.
அது எனக்காகக் காத்திருந்தது,
கோபமில்லாமல்,
அடுத்த கட்டளை வரட்டும் என்று.

அன்று எட்டாம் வகுப்பில்
கோட்டைச் சிப்பாய்கள் பாடம்.
வருடா வருடம் சொல்வதுதான்:
தோல் வைத்த தலைப்பாகையைப் போடு என்றதும்
மாட்டோம் என்றவர்கள்.
கடைசி பெஞ்சிலிருந்து நவாஸ் கேட்டான்:
"மிஸ், கடுகு நீங்க சொன்ன பேச்சைக் கேக்குமா?"
கேட்காது, என்றேன்.
அவ்வளவு பெருமையாக
அந்த வகுப்பில் நான் எதையும் சொன்னதில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி படிவம்.
ஏழாவது கேள்வி அதேதான்.
மீண்டும் அளக்க வேண்டும், என்றேன் போனில்.
ஆனால் யோவேல் சார்,
இந்த முறை முன்னால் நடக்க
நீங்கள் வர வேண்டாம்.
எங்களுக்கு ஈடுகொடுக்க மாட்டீர்கள்.